கிறிஸ்டி அளந்த ஈயம்

கிறிஸ்டியும் நானும் திண்டிவனம் அரசுக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேதியியல் படித்தவர்கள். நான் மரக்காணத்திலேயே டீச்சராகத் தங்கிவிட்டேன். அவள் புதுச்சேரியில் எம்.எஸ்சி. முடித்து, ஆரோவில் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தாள். கல்யாணமாகி இப்போது தாம்பரத்தில் வீடு. பிறந்த வீடு அனுமந்தை. அப்பா பவுல்ராஜ் கடலுக்குப் போய் வந்தவர். தம்பி விக்டர் இன்றைக்கும் போகிறான்.

மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எடை போடுற வேலை" என்பார் பவுல்ராஜ். கேட்டவர்கள் ரேஷன் கடை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் சொன்னது தப்பு இல்லை. அவள் எடை போடுவது அணுக்களை. ஈயத்தின் அணு எடை 207.2 என்று நான் வருஷா வருஷம் போர்டில் எழுதுகிறேன். அது ஒரு சராசரி, அவ்வளவுதான் என்பாள் கிறிஸ்டி. ஈயத்தில் எடை வேறுபட்ட நாலு வகை அணுக்கள் உண்டு. அவற்றைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். பூமிக்குள் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான வருஷங்களாகச் சிதைந்து ஈயமாக மாறிக்கொண்டே இருப்பதால், இந்த நாலும் கலந்திருக்கும் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். ஆஸ்திரேலியாவில் வெட்டிய ஈயமும் ராஜஸ்தானில் வெட்டிய ஈயமும் பார்வைக்கு ஒன்றுதான். விகிதத்தைத் துல்லியமாக அளந்து அணு எடையைக் கணக்கிட்டால் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களில் வித்தியாசம் தெரிந்துவிடும். எந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது அப்படித்தான்.

அவளிடம் பாறைத்தூள் வரும், கடலடி மண் வரும், பழைய வெண்கலச் சிலையின் துணுக்குகூட வரும். மனுஷ ரத்தம் வந்தது ஒரே ஒரு தடவை. அது அவள் தம்பி மகளுடைய ரத்தம்.

அந்தப் பிள்ளை ஜெனிட்டா, ஒன்றாம் வகுப்பு. வாய் ஓயாது. போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கின சமயத்தில் சோர ஆரம்பித்தது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கும். சோறு இறங்காது. முகம் வெளுத்துப்போயிற்று. மரக்காணத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், சத்து டானிக் கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. படித்திருந்த எழுத்தெல்லாம் மறந்துபோகிறது என்று வகுப்பு டீச்சர் சொன்ன பிறகுதான் விக்டரின் மனைவி பிரிசில்லாவுக்குப் பயம் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடினாள். அங்கே டாக்டர் பாக்கியலட்சுமி ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். பயப்பட வேண்டிய அளவுக்கும் மேலே பத்து மடங்கு இருந்தது.

உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு மருந்து ஆரம்பித்தார்கள். பிரிசில்லா சென்னைக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, ரத்தத்துல ஈயம்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க அதத்தானே பாக்குறீங்க?"

கிறிஸ்டி அன்றைக்கே பஸ் ஏறினாள். டாக்டர் அவளிடம் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மருந்து ஈயத்தை வெளிய எடுத்துடும். ஆனா அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாம புள்ளைய அதே வீட்டுக்கு அனுப்பினா மறுபடி ஏறும். அப்படி ஏறிக்கிட்டே இருந்தா மூளையைப் பாதிக்கும். நான் மருந்து குடுக்கலாம், தேட முடியாது. நீங்க தேடுங்க."

கிறிஸ்டி பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வாரத்துக்குள் ஊர் தேடி முடித்துவிட்டது. விக்டர் வீட்டுக்கு மேற்கே, ரோட்டைத் தாண்டினால் உப்பளம். அதில் பலராமன் என்பவர் குத்தகைக்கு எடுத்த பாத்திகள் இருக்கின்றன. உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்து விவசாயக் குடும்பம் அவருடையது. அவர் பாத்தி உப்பைத்தான் அந்தத் தெருவே வாங்கிச் சமைக்கும். உப்பில்தான் ஏதோ இருக்கிறது என்று ஒருவர் ஆரம்பிக்க, எல்லோரும் அதையே சொன்னார்கள். விக்டர் பாத்தி மண்ணை அள்ளிக்கொண்டு போய், பிள்ளையின் ரத்தத்தோடு சேர்த்து ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தான். மண்ணில் ஈயம் இருக்கிறது, அதன் ஐசோடோப்பு விகிதம் ரத்தத்தோடு ஒத்துப்போகிறது என்று பதில் வந்தது. செய்தி வாட்ஸ்அப்பில் கூனிமேடு வரைக்கும் பரவியது. உப்பு ஏற்ற வந்த லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று. நல்ல வெயில் காலம், உப்பு விளைந்து கிடக்கிறது, வாருவதற்கு ஆளைக் கூப்பிடவில்லை. பாத்தியில் வேலை செய்யும் மலர்கொடியும் மற்றப் பெண்களும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பலராமன் ஆஸ்பத்திரிக்கே வந்தார். மலர்கொடியும் கூட வந்திருந்தாள்.

"ஏம்பா விக்டரு, நானும் அதே உப்பைத்தான் திங்கிறேன். என் பேரப் புள்ளைங்களும் அதத்தான் திங்குது. கெட்டது கலந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"போயிடுங்கண்ணே. எம்புள்ள கெடக்குற கெடையைப் பாத்துட்டுப் பேசுங்க" என்றான் விக்டர். அவன் குரல் வார்டு முழுவதும் கேட்டது.

பலராமன் திரும்பிவிட்டார். மலர்கொடி மட்டும் கட்டில் பக்கம் வந்து, பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

கிறிஸ்டி தம்பியை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். அந்த ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"இது பொய் இல்லடா. ஆனா இது போதாது. சிமென்ட் மூட்டை நிறுக்குற தராசுல மோதிரத்த வெச்சா எப்படி இருக்கும், அப்படி இருக்குது. ரெண்டு ஈயமும் ஒண்ணா இருக்கலாம், வேற வேறயாவும் இருக்கலாம். இந்த மெஷினுக்கு அவ்ளோதான் தெரியும்."

"உன் மெஷினுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நெனைக்கிறேன். சரி, நீ வலைக்கு ஈயக் குண்டு எங்க வாங்குற?"

"எப்பவும் வாங்குற கடைதான். ஏன்?"

"வீட்டுல ஈயம் காய்ச்சுறியா?"

"நான் எங்கக்கா காய்ச்சுறேன்? ரெடிமேடாதான் வாங்குறேன்."

அவளுக்கு முதலில் தோன்றியதே அதுதான். கடற்கரை ஊர்களில் வலையின் அடிப்பக்கம் தண்ணீருக்குள் இறங்கிப் போவதற்காக ஈயக் குண்டு கோப்பார்கள். சிலர் அதை வீட்டிலேயே உருக்கி வார்த்துக்கொள்வார்கள். தம்பி இல்லை என்று சொன்னதும் நம்பினாள். இருந்தாலும் வலையிலிருந்து ஒரு குண்டை வெட்டி எடுத்துக்கொண்டாள். அனுமந்தை வீட்டில் ஒன்றையும் விடவில்லை. சமையல் உப்பு, மஞ்சள் தூள், பிள்ளைக்கு வைக்கும் மை, சுவரிலிருந்து உரிந்த பெயின்ட், குழாய்த் தண்ணீர், தரையில் கூட்டிய தூசி, பாத்தியிலிருந்து புது உப்பு, பாத்தி மண் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். மருந்து ஆரம்பிக்கும் முன்னால் எடுத்து வைத்திருந்த பிள்ளையின் ரத்தத்தில் ஒரு பங்கை டாக்டர் கொடுத்தார்.

நிலையத்தில் அவளுக்கு மேலதிகாரி சித்தார்த்தன். விஷயத்தைக் கேட்டதும் மெஷினை ஒதுக்கிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"உங்க வீட்டுப் புள்ள. நீங்க பண்ண வேணாம்னு நான் சொல்லல, உங்களை விட இதை நல்லா பண்றவங்க இங்க இல்ல. ஆனா எந்த பாட்டில்ல எது இருக்குன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. பிரியதர்ஷினி நம்பர் போடட்டும்."

பிரியதர்ஷினி அங்கே ஆராய்ச்சி செய்யும் மாணவி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி அமிலத்தில் கரைத்து, ஒரே மாதிரி பாட்டில்களில் ஊற்றி, நம்பர் மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

இந்த வேலையில் பெரிய பகை வெளியில் இருக்கும் ஈயம். காற்றில் இருக்கிறது, தலைமுடியில் இருக்கிறது, செருப்பில் இருக்கிறது. அதனால் உடம்பு முழுக்க வெள்ளை அங்கி போட்டு, இரண்டு கையுறை மாட்டி, வடிகட்டிய காற்று மட்டும் வரும் அறைக்குள்தான் வேலை. ஒவ்வொரு மாதிரியையும் விரல் நீளக் குழாயில் அடைத்த ரெசின் என்ற பிசின் மணிகள் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மற்றதெல்லாம் ஓடிவிடும், ஈயம் ரெசினைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதைத் தனியாகக் கழுவி எடுப்பார்கள். கூடவே ஒரு வெறும் பாட்டிலையும் அதே மாதிரி எல்லாம் செய்து பார்ப்பார்கள். அதில் எவ்வளவு ஈயம் வருகிறதோ அது நம் கையிலிருந்து போனது.

முதல் தடவை அந்த வெறும் பாட்டிலில் ஈயம் நிறைய வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த மறுநாள் காலையே அவள் வேலையைத் தொடங்கியிருந்தாள். தலையிலோ பையிலோ அந்த வீட்டுத் தூசியைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அத்தனையையும் கொட்டிவிட்டாள். ரத்தம் கொஞ்சம்தான் மிச்சம். இன்னொரு தடவை தவறினால், மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் திரும்ப எடுத்தாலும் பழைய ரத்தம் கிடைக்காது.

"பதினோரு வருஷமா பண்ற வேலை. முதல் நாள் மாதிரி பைப்பெட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

வேலையை இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். அறையைத் துடைத்தாள், பாத்திரங்களை மறுபடி அமிலத்தில் கொதிக்கவைத்தாள். மறுபடி தொடங்கினபோது வெறும் பாட்டில் சுத்தமாக வந்தது.

பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஈய அணுக்களுக்கு மின்னூட்டம் ஏற்றி ஒரு பெரிய காந்தத்தைத் தாண்டி ஓட விட்டால், கனமானது கொஞ்சமாக வளையும், லேசானது அதிகமாக வளையும். நாலு வகையும் நாலு இடத்தில் போய் விழும். எது எவ்வளவு விழுகிறது என்று மெஷின் எண்ணும். அதன் அளவுகோல் நகராமல் இருக்கிறதா என்று பார்க்க, விகிதம் ஏற்கெனவே தெரிந்த ஒரு ஈயத்தை ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவில் ஓட விடுவார்கள். கிறிஸ்டி ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஓட விட்டாள்.

மாலை காபி நேரத்தில் எண்கள் எல்லாம் வந்து முடிந்தன. அவற்றில் நாலாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஒன்றுபோல இருந்தன. 206 எடை ஈயத்துக்கும் 207 எடை ஈயத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றில் 1.1365, இன்னொன்றில் 1.1367. மெஷினின் பிழைக்குள் அடங்குகிற வித்தியாசம்தான். ஆறாம் நம்பர் கொஞ்சம் கிட்டத்தில், 1.1412. மற்றதெல்லாம் எங்கேயோ இருந்தன. ஒத்துப்போன இரண்டில் ஒன்று ரத்தமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னொன்று உப்பள மண் என்றால் என்ன செய்வது என்று யோசிக்கக்கூட அவளால் முடியவில்லை.

சித்தார்த்தன் பிரியதர்ஷினியைக் கூப்பிட்டார்.

"நாலு?"

"ரத்தம், சார்."

"ஒன்பது?"

"வீட்டுத் தரைத் தூசி."

"பாத்தி மண்ணு எது?" கிறிஸ்டி முந்திக்கொண்டு கேட்டாள்.

"ஆறு, மேடம். பாத்தி உப்பு ரெண்டு, சமையல் உப்பு எட்டு. ரெண்டுலயும் ஈயம் இல்லைன்னே சொல்லலாம். வலைக் குண்டு அஞ்சு, அது ஒத்தே போகல."

கிறிஸ்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மண்ணுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் 0.005-க்கும் குறைவுதான். தனியார் கூடத்தின் சாதாரண மெஷினுக்கு அது தெரிய வழியே இல்லை. மண்ணில் இருந்தது, ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்து ரோட்டில் ஓடின வண்டிகளின் புகையோடு விழுந்த ஈயமாக இருக்கலாம் என்று சித்தார்த்தன் சொன்னார். அதுவும் மிகக் கொஞ்சம். பலராமனின் உப்புக்கும் பிள்ளையின் நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

ஆனால் ஈயம் வீட்டுக்குள் இருக்கிறது. சனிக்கிழமை காலை அனுமந்தை போய்ச் சேர்ந்தவள் வீட்டுக்குள் நுழையாமல் பின்பக்கம் போனாள். சுவர் ஓரமாக மூன்று செங்கல், தரையில் கரி பிடித்த வட்டம்.

"பிரிசில்லா, இங்க என்ன எரிச்சீங்க?"

"அது பழசு அண்ணி. பொங்கல் கழிச்சு ஒரு நாள் இவரு ஈயம் காய்ச்சினாரு. கடையில குண்டு இல்லன்னு சொல்லிட்டாங்களாம், புது வலைக்கு அவசரம்னாரு."

விக்டர் கிணற்றடியில் இருந்தான். காதில் விழுந்ததும் வந்து நின்றான்.

"ஒரே ஒரு நாள்க்கா. மெக்கானிக் கடையில பழைய பேட்டரித் தகடு குடுத்தாங்க. அதப் போயி காய்ச்சுறதுன்னு நான் கணக்குலயே எடுத்துக்கல. அந்தக் குண்டெல்லாம் போட்ல கெடக்குற புது வலையில இருக்குது. நீ வெட்டிட்டுப் போனது பழைய வலை."

"ஒரு நாள் புகைக்கு இவ்ளோ ஏறாதே" என்றாள் கிறிஸ்டி. "தூசி ஒரு காரணம். வேற ஏதோ இருக்குது. புள்ள கையில, வாயில படுற மாதிரி எதையாவது வெச்சிருக்கீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

விக்டர் அந்த மூன்று செங்கலையே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மிச்ச ஈயத்துல அவளுக்கு ஒரு சில்லு ஊத்திக் குடுத்தேன். நொண்டிப் பாண்டி ஆட. ஓட்டுச் சில்லு ஒடஞ்சு ஒடஞ்சு போவுதுன்னு அழுதா."

பிரிசில்லா உள்ளே ஓடிப்போய்ப் பள்ளிக்கூடப் பையைக் கொண்டு வந்து கொட்டினாள். பென்சில் டப்பாவுக்குள் இருந்தது, ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மங்கலான சாம்பல் நிற வட்டம். சோடா மூடியில் வார்த்ததால் ஓரம் பல் பல்லாக இருந்தது. அதன் மேலே இன்னும் சின்னப் பற்களின் தடம்.

"வாயிலதான் அடக்கி வெச்சிருப்பா அண்ணி" என்றாள் பிரிசில்லா. "தன் ஆட்டம் வர வரைக்கும். நான்கூட மிட்டாய்னு நெனைச்சேன்."

விக்டர் அந்தச் செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "நானே குடுத்துட்டேன்" என்று மறுபடி மறுபடி சொன்னான். கிறிஸ்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் அவனைத் திட்டும் குரலிலேயே பேசினாள்.

"டேய், அழுவாத. நீ தெரியாம குடுத்த. எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம இருந்தாதான் பயப்படணும். இப்பத் தெரிஞ்சுடுச்சு. எடுத்துட்டா முடிஞ்சுது. புள்ள வீட்டுக்கு வரலாம்."

அவனை அவள் திட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கேட்டபோது, "எனக்குத் திட்டவே வரலடி. நெஞ்சுல கெடந்த கல்லு எறங்கிடுச்சு, அதுக்கப்புறம் எங்கேர்ந்து கோவம் வரும்?" என்றாள்.

சில்லின் ஓரத்தைச் சுரண்டி எடுத்துப்போய் அளந்தாள். 1.1366. மற்ற இரண்டு விகிதங்களும் ரத்தத்தோடு பொருந்தின. சித்தார்த்தன் கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிக் கொடுத்தார்.

அதற்கு முன்பே விக்டர் உப்பளத்துக்குப் போய்விட்டான். அக்கா போகச் சொல்லவில்லை. பலராமன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார், மலர்கொடியும் இருந்தாள். மலர்கொடியின் பிள்ளைகள் என் பள்ளியில் படிக்கிறார்கள், அவள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். விக்டர் வந்து, வரப்பு மண்ணைக் காலால் கிளறிக்கொண்டே நின்றானாம். கடைசியில், "அண்ணே, உங்க உப்பு இல்லண்ணே. என் கையாலதான் வந்துச்சு" என்றானாம்.

பலராமன் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் இல்லாமல் இருந்திருக்காது. நெல்லும் பொய்த்து உப்பும் நின்றுபோன வருஷம் அவருக்கு. ஆனால் கேட்டது ஒன்றுதான். "புள்ள இப்ப எப்படி இருக்குது?"

"சோறு கேக்குதுண்ணே."

"அப்புறம் என்னப்பா. போ, போயி புள்ளையைப் பாரு."

அடுத்த வாரம் லாரி வந்தது. மலர்கொடியும் மற்றவர்களும் விடியற்காலையே இறங்கி, இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாக வாரினார்கள். முன்பு வாட்ஸ்அப்பில் உப்பைத் திட்டி அனுப்பியவர்கள் சித்தார்த்தனின் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்டவர்கள் குறைவு. பலராமன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்கிறார்.

பிள்ளை திரும்பி வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. கூட்டினால் தூசி பறக்கும் என்று ஈரத்துணியால் மட்டும் துடைக்கச் சொன்னாள் கிறிஸ்டி. பின்பக்கத்து மேல்மண்ணை வெட்டி மூட்டையில் கட்டி, ஆபத்தான கழிவு எடுக்கும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். புது வலையின் குண்டுகளை விக்டர் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கையைக் கழுவாமல் உள்ளே வந்தால் பிரிசில்லா வாசலிலேயே மறித்து நிறுத்தினாள்.

பங்குச் சாமியார் ஞாயிறு பூசை முடிந்ததும் கிறிஸ்டியைப் பேசச் சொன்னார். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. வீட்டில் ஈயம் காய்ச்சாதீங்க, காய்ச்சியிருந்தா புள்ளைங்களுக்கு ரத்தம் பாருங்க என்று இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தாள். அப்போது விக்டர் எழுந்து, சில்லு விஷயத்தைத் தானே சொன்னான். அன்றைக்குச் சாயங்காலம் நிறையப் பேர் பிள்ளைகளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஈயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை, அதற்குள் பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர் பாக்கியலட்சுமி.

ஜெனிட்டாவுக்கு மருந்து இன்னொரு சுற்று தேவைப்பட்டது. எலும்பில் போய்ச் சேர்ந்த ஈயம் மெதுவாகத்தான் இறங்கும், உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். மாதா மாதம் பார்த்தார்கள். ஆவணி மாதம் பார்த்தபோது பயப்படாத அளவுக்கு இறங்கியிருந்தது. வகுப்பில் எழுத்துகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. பேச்சு முன்னைவிட அதிகம் என்று டீச்சர் புகார் சொன்னாள்.

அந்தச் செய்தி வந்தபோது கிறிஸ்டி வெள்ளை அங்கியோடு உள்ளே இருந்தாள், போன் வெளியே லாக்கரில். பிரிசில்லா ஆறு தடவை கூப்பிட்டுவிட்டு, கடைசியில் பிள்ளையையே பேசவைத்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அத்தே, கொறஞ்சுடுச்சாம். அம்மாவ எனக்கு பிரியாணி வாங்கிக் குடுக்கச் சொல்லு."

அந்த வார இறுதியில் கிறிஸ்டி ஊருக்கு வந்தாள். நானும் போயிருந்தேன். பிரியாணிதான் சமைத்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும், பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே பாயில் சாய்ந்தாள். பக்கத்தில் ஜெனிட்டா யாரோ ஒரு தோழியின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கிறிஸ்டி கேட்கவில்லை. நன்றாகத் தூங்கிவிட்டாள். பவுல்ராஜ் எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.